சட்டிக் கரியும் சமையல் எண்ணெயும்

விறகடுப்பில் வைத்த சட்டியை உம்மா கழுவும்போது கவனித்திருக்கிறீர்களா? சாம்பல் நீரில் ஊறி அடியில் தங்கும். கரித்தூளோ மேலே படலமாய் மிதக்கும். கையில் எண்ணெய்ப் பசை இருந்தால் விரலில் ஒட்டிக்கொண்டு இலேசில் போகாது. கரிக்கு நீரைப் பிடிக்காது, எண்ணெயைப் பிடிக்கும். நிலக்கரியைச் சுத்தம் செய்யும் நுரைமிதப்பு முறை இந்தக் குணத்தை நம்பித்தான் நடக்கிறது.

சுரங்கத்தில் வெட்டும்போது அரை மில்லிமீற்றருக்கும் சிறிய தூள் ஏராளமாய்ச் சேரும். அதில் களிமண்ணும் மணலும் கலந்திருக்கும். அந்தத் தூளை நீரில் கலக்கி, சிறிது எண்ணெய் விட்டு, அடியிலிருந்து காற்றுக்குமிழிகளைச் செலுத்துவார்கள். நுரை உடையாதிருக்க இன்னொரு பொருளும் சேர்ப்பதுண்டு. எண்ணெய் பூசிய கரித்துகள் குமிழியோடு ஒட்டி மேலே வந்து திரளும்; மண் நீரோடு கீழே நின்றுவிடும். நுரையை வழித்தெடுத்தால் கரி.

அந்த எண்ணெய் வழக்கமாக டீசல் அல்லது மண்ணெண்ணெய்தான். அதில் ஒரு பகுதி கழிவுநீர்க் குளங்களுக்கும் போகிறது. ஆகவே சோயா, சூரியகாந்தி, ஆமணக்கு போன்ற எளிதில் மக்கும் எண்ணெய்களை ஆய்வாளர்கள் பரீட்சித்து வருகிறார்கள். இதில் வேறொரு நன்மையும் உண்டு. வெயிலிலும் காற்றிலும் நெடுநாள் கிடந்த கரியின் மேற்பரப்பில் ஒட்சிசன் சேர்ந்துவிடும். அப்போது அது நீரை விரும்பத் தொடங்கும். டீசல் அதில் சரியாகப் பரவாது. தாவர எண்ணெயிலிருந்து வரும் கொழுப்பமிலத்திலோ ஒட்சிசன் உள்ள முனை ஒன்று இருக்கிறது. அம்முனை அந்தக் கரியைப் பற்றிக்கொள்ள, நீளமான காபன் சங்கிலி வெளிப்புறமாய் நின்று நீரை விலக்கும்.

யோசனை பழையது. சிக்காகோவில் வாழ்ந்த கேரி எவர்சன் என்ற பெண்மணி, எண்ணெயும் அமிலமும் கொண்டு தாதுக்களைப் பிரிக்கும் முறைக்கு 1886 இல் காப்புரிமை பெற்றார். அது காலாவதியான பிறகே தொழிற்சாலைகள் நுரைமிதப்பைப் பெரிய அளவில் கையாளத் தொடங்கின. உரிமைப்பணம் கேட்க அவருக்கு வழி இருக்கவில்லை.

சிக்கல்களும் இல்லாமலில்லை. தாவர எண்ணெய் டீசலைவிடத் தடிப்பானது. நீரில் நுண்துளிகளாய் உடைக்க அதிகம் பாடுபட வேண்டும். எந்த எண்ணெயில் கழுவினாலும் கரி எரிந்தால் காபனீரொட்சைட்டு வரத்தான் செய்யும். எல்லாவற்றிலும் பெரிய கேள்வி, மனிதர் உண்ணும் எண்ணெயைக் கரியில் ஊற்றலாமா என்பது. என் கருத்தில் கூடாது. ஆனால் பலமுறை பொரித்துக் கறுத்துப்போன எண்ணெய் இருக்கிறதே! பொரிக்கப் பொரிக்க எண்ணெயில் தனிக் கொழுப்பமிலம் கூடும். உடலுக்கு ஆகாத அதே எண்ணெய், வடிகட்டி எடுத்தால், பழைய கரியைப் பற்றிக்கொள்ள உதவும். அத்தகைய எண்ணெயையும் இப்போது பரீட்சித்துப் பார்க்கிறார்கள்.