எந்த வேலைக்கு எந்த மரம்?

மரக்காணத்து உப்பளங்களுக்குத் தெற்கே, கூனிமேட்டுக் கடற்கரையில் மீனவருக்கு நெடுங்காலம் துணை நின்றது கட்டுமரம். சில கட்டைகள், ஒரு கயிற்றுக் கட்டு, ஆணி கிடையாது. உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடிக்கும். கயிறோ அலைக்கு நெகிழ்ந்து கொடுக்கும். மிதப்பதற்காக இலேசான மரத்தையே தேர்ந்தனர். நீரில் ஊறிக் கனத்துவிடாதபடி கரையில் அவிழ்த்து உலர்த்தினர்.

உறுதியான மரம் எது என்று கேட்டால் நம்மில் பலர் தேக்கு என்போம். டேராடூனில் 1906-ம் வருஷம் ஸ்தாபிக்கப்பட்ட வன ஆராய்ச்சி நிலையத்தாரும் தேக்கை நூறாக வைத்தே பிற மரங்களை மதிப்பிட்டனர். தேக்கின் எண்ணெய்ப் பசை கறையானை விலக்கும். வெயிலிலும் மழையிலும் அது அதிகம் சுருங்காது. பம்பாயில் தேக்கினால் கட்டி, 1817-ல் வெள்ளோட்டம் விடப்பட்ட 'டிரிங்கோமலி' என்னும் போர்க்கப்பல் இங்கிலாந்தில் இன்றும் மிதக்கின்றது.

ஆயினும், அதிர்ச்சியைத் தாங்குவதில் கருவேலம் தேக்கை விஞ்சும். ஆகையால்தான் வண்டிச் சக்கரத்தின் குடத்துக்கும் வட்டைக்கும் தச்சர்கள் அதைத் தேடினர். வேங்கையின் நார்கள் அடுக்கடுக்காய் எதிரெதிரே சாய்ந்து பின்னியிருப்பதால் அது எளிதில் பிளக்காது. எம்மரமும் நார் ஓடும் திசையிலேதான் பன்மடங்கு வலியது. ஈரம் காயக் காய வலிமை கூடும்.

ஃபைபர் படகுகள் வந்தபின் கட்டுமரங்கள் அருகிவிட்டன. அவற்றோடு மரத்தின் குணமறிந்து தேரும் அறிவும் மறையுமாயின், நஷ்டம் நம்முடையதே. மரம் வாங்கப் புகும் அன்பர்கள் 'எது உயர்ந்தது?' என்று கேட்குமுன், 'எதற்கு வேண்டும்?' என்று யோசிப்பார்களாக!