ஈரலுக்கு எது பகை?

முடக்குவாத மாத்திரையைக் கண்டு பயப்படுகிறவர்கள், பயப்பட வேண்டியதைக் கவனிப்பதில்லை.

பெங்களூரு லால்பாக் பூங்கா வாசலில் விடியற்காலையிலேயே சாறு வியாபாரம் தொடங்கிவிடுகிறது. பாகற்காய், நெல்லி, அறுகம்புல் வரிசையில் அமிர்தபள்ளியும் உண்டு. நம் சீந்தில் கொடிக்குக் கன்னடத்தில் அதுதான் பெயர். "இங்கிலீஷ் மருந்து ஈரலைக் கெடுக்கும், மூலிகை ஒன்றும் செய்யாது" என்ற நம்பிக்கையில் அதை வாங்கிக் குடிக்கும் மூட்டுவலிக்காரர்களும் இருக்கிறார்கள்.

அவர்கள் பயப்படும் மருந்து மெத்தோட்ரெக்சேட். உடலின் எதிர்ப்பு சக்தி சொந்த மூட்டுகளையே தாக்கும் முடக்குவாதத்துக்கு உலகெங்கும் முதலில் தரப்படுவது இதுதான். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் தலைமையில் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் 1940களில் உருவானது. முதலில் ரத்தப் புற்றுநோய்க்குப் பயன்பட்டது. முடக்குவாதத்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1988இல்.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. சோரியாசிஸ் தோல்நோய்க்கு இதைச் சாப்பிட்ட சிலருக்கு ஈரலில் தழும்பு விழுந்ததை 1960, 70களில் டாக்டர்கள் கண்டார்கள். அதனால் முடக்குவாத நோயாளிகளின் ஈரலிலும் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். பயந்த அளவுக்குக் கேடு தென்படவில்லை. எல்லோருக்கும் சதைப் பரிசோதனை தேவையில்லை, முறையான ரத்தப் பரிசோதனை போதும் என்று அமெரிக்க வாதநோய் மருத்துவர் அமைப்பு 1994இல் அறிவித்தது.

சிக்கல் அந்த "முறையான" என்ற சொல்லில்தான். மருந்து தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி, சி கிருமிகள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு முதலில் சில வாரங்களுக்கு ஒரு முறையும், அளவு நிலைத்த பின் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு முறையும் எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. அளவுகளைப் பார்க்க வேண்டும். மாத்திரை சாப்பிட்ட மறுநாள் இவை தற்காலிகமாக ஏறலாம். அதனால் அடுத்த வேளைக்கு ஓரிரு நாள் முன் ரத்தம் கொடுப்பது நல்லது. அளவு கூடினால் டாக்டர் மருந்தைக் குறைப்பார் அல்லது நிறுத்திவைப்பார், பெரும்பாலும் சரியாகிவிடும். கூடவே தரும் ஃபோலிக் அமிலம் இந்த ஏற்றத்தைக் குறைக்கிறது. மது, உடல் பருமன், சர்க்கரை நோய் ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன.

ஓசூர், கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு வந்து நிபுணரைப் பார்த்துவிட்டு, பிறகு பழைய சீட்டையே உள்ளூர் மருந்துக் கடையில் நீட்டிக்கொண்டிருந்தால் இந்தப் பாதுகாப்பு முழுக்க நழுவிவிடும். ரத்தப் பரிசோதனையை உள்ளூரிலேயே செய்யலாம். முடிவு டாக்டரிடம் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு ஆபத்து கிழமையில் இருக்கிறது. மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே நாள் மருந்து. தவறிப்போய் தினமும் சாப்பிட்டால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து, உயிரே போகலாம். அட்டையின் மேல் கிழமையை எழுதிவைப்பது நல்லது.

மற்றொரு மாத்திரையான லெஃப்லுனோமைடுக்கு 2010இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கடுமையான ஈரல் எச்சரிக்கை விதித்தது. இது நிறுத்திய பிறகும் உடலில் நெடுநாள் தங்கும். இரண்டும் சேர்ந்தால் கண்காணிப்பும் கூட வேண்டும்.

சரி, சீந்தில்? அதைச் சாப்பிட்டு ஈரல் பாதிக்கப்பட்ட 43 பேரை இந்தியாவின் 13 மருத்துவ மையங்களில் ஆராய்ந்த கட்டுரை 2022இல் வெளியானது. சீந்தில் பாதுகாப்பானதே, அதைப் போன்ற வேறு கொடியோடு குழப்பக் கூடாது என்பது ஆயுஷ் அமைச்சகத்தின் வாதம். விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் என்று சொல்லி விற்கப்படுவதை, எதிர்ப்பு சக்தி அத்துமீறியதால் அவதிப்படுகிறவர் குடிப்பதில் என்ன பொருத்தம்?

கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்தாலோ, பசியற்றுக் குமட்டினாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும். ஆனால் வெறும் பயத்தில் மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. ஈரல் பெரும்பாலும் தேறிவிடும். அரித்துப்போன மூட்டு திரும்பி வளராது. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மருந்துச் சீட்டோடு, காலையில் குடிக்கும் சாறு என்ன என்பதையும் சொல்லிவிடுங்கள்.