15 வயதில் முடிந்துபோன பால்யம்: ‘வெக்கை’ நாவல் சொல்வது என்ன?

வீரபாண்டி சித்திரைத் திருவிழாவில் கௌமாரியம்மனைக் கும்பிட்ட கையோடு பிள்ளைகள் ராட்டினத்தைப் பார்த்து ஓடுவார்கள். 15 வயதுப் பையனோ அப்பா கையைப் பிடிக்கக் கூச்சப்படுவான். டிக்கெட்டுக்குக் காசு மட்டும் அவரிடம்தான் கேட்பான். பாதி பிள்ளை, பாதி ஆள்!

அதே வயதுதான் சிதம்பரத்துக்கும். ஆனால், அவன் கையில் இருப்பது அரிவாள். 1982இல் வெளிவந்த பூமணியின் ‘வெக்கை’ நாவலின் நாயகன் இவன்.

யார் இந்தப் பூமணி?

கோவில்பட்டி பக்கத்து ஆண்டிப்பட்டியில் 1947இல் பிறந்தவர். நம்ம தேனி மாவட்ட ஆண்டிப்பட்டி இல்லைங்க, அது கரிசல் காட்டு ஊர். ‘அஞ்ஞாடி’ நாவலுக்காக 2014இல் சாகித்ய அகாடமி விருது பெற்றார். வெற்றிமாறனின் ‘அசுரன்’ (2019) படத்துக்கு அடிப்படை ‘வெக்கை’தான்.

கதை என்ன?

நிலத் தகராறில் சிதம்பரத்தின் அண்ணன் கொல்லப்படுகிறான். கொன்றவர்களுக்குப் பின்னால் இருப்பவர் வடக்கூரான். அவர் கையை மட்டும் வெட்டத்தான் சிதம்பரம் போகிறான். அது கொலையில் முடிகிறது. பிறகு எட்டு நாள் அப்பாவும் மகனும் காடு மலையென ஒளிந்து திரிகிறார்கள். கடைசியில், சரணடையப் புறப்படுகிறார்கள்.

பால்யம் எப்போது தொலைந்தது?

வெட்டிய அந்த நொடியில் என்றுதான் முதலில் தோன்றும். உண்மையில் அது முன்பே தொலைந்துவிட்டது. அண்ணன் சாவுக்குச் சட்டம் நியாயம் தராது என்று புரிந்த நாளிலேயே அவன் பிள்ளையாக இருப்பதை விட்டுவிட்டான். பெரியவர்கள் சுமக்க வேண்டிய பாரத்தைச் சின்னப் பையன் சுமக்கிறான்.

ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ (1960) நாவலிலும் ஒரு சிறுமி அநீதியைப் பார்த்து வளர்கிறாள். ஆனால், அவளுடைய அப்பா வழக்கறிஞர். சண்டையை நீதிமன்றத்தில் அவர் போடுகிறார். சிதம்பரத்துக்கு அந்த வசதி இல்லை.

படம் பார்த்தாச்சு, நாவல் எதுக்கு?

படம் அப்பாவின் கடந்த காலத்துக்குப் போகிறது. நாவல் பையனின் கண்களை விட்டு நகர்வதில்லை. ஒளிந்திருக்கும்போதும் அவனுக்குப் பசிக்கிறது, தாய் நினைப்பு வருகிறது. அப்பாவோ அவனை ஓர் ஆளாக மதித்துப் பேசுகிறார். பாசம்தான் அது. ஆனாலும், இனி இவன் பிள்ளை இல்லை என்று அவரும் ஏற்றுக்கொண்டதுபோல இருக்கிறது.

இன்றைய சட்டப்படி 18 வயது நிரம்பாதவர்கள் எல்லோரும் சிறார்தான். சிதம்பரத்துக்கு அதற்கே இன்னும் மூன்று வருஷம் பாக்கி.