ஸுலுஸ்: நினைவூட்டும் எழுத்து

திருமறைப் பிரதிகள் பலவற்றில் அத்தியாயத்தின் பெயர் ஒரு வகை எழுத்திலும் வசனங்கள் வேறொரு வகையிலும் அமைந்திருக்கக் காண்கிறோம். முன்னது ஸுலுஸ், பின்னது நஸ்க். இப்பாகுபாடு வெறும் அலங்காரத்திற்காக ஏற்பட்டதன்று.

‘ஸுலுஸ்’ என்பதன் பொருள் மூன்றில் ஒரு பங்கு. பெயர்க்காரணம் பலவாறு கூறப்படுகிறது. ‘தூமார்’ எனும் பெரிய எழுதுகோலின் அகலம் 24 மயிரிழை. அதில் மூன்றிலொரு பங்காகிய 8 இழை அகலமுள்ள கோலால் எழுதப்படுவது ஸுலுஸ் என்பது அவற்றுள் ஒன்று.

நாணற்கோலின் நுனி சாய்வாக வெட்டப்படுவதால், அது செல்லும் திசைக்கேற்பக் கோடு தடித்தும் மெலிந்தும் வருகிறது. நஸ்கிலும் இது உண்டு. எனினும் ஸுலுஸில் அலிஃபும் லாமும் ஓங்கி நிற்க, நூனும் யாவும் ஆழ வளைந்து இழையாய் முடிய, அவ்வேறுபாடு மிகுந்த எழிலுடன் வெளிப்படுகிறது. எழுதுகோல் பதிக்கும் சாய்சதுரப் புள்ளியே அளவுகோல். ஸுலுஸ் அலிஃபின் உயரம் பொதுவாக ஏழு புள்ளிகள்.

தொலைவிலிருந்து நோக்குவதற்கு இதனினும் ஏற்ற எழுத்து அரிது. கஅபாவின் கிஸ்வாவில் பொன், வெள்ளி இழைகளால் தைக்கப்படுவதும் இதுவே. தாஜ்மஹாலின் உயர்ந்த வாயில் வளைவுகளைச் சுற்றி யாஸீன் அத்தியாயத்தை அமானத் கான் வடித்ததும் இதிலேயே. உதுமானியக் கலைஞர் முஸ்தஃபா ராகிம் (மறைவு 1826), பேரளவில் எழுதப்படும் ஸுலுஸுக்கெனத் தனி அளவு நயங்களைச் செம்மைப்படுத்தினார்.

இங்கு நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. ஸுலுஸில் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும். ஹரகத்துகளோடு, வெற்றிடம் நிரப்பும் அழகுக் குறிகளும் கலந்திருக்கும். வசனத்தை மனனம் செய்தவர் இரண்டு சொற்களைக் கண்டதும் முழுவதையும் அறிந்துகொள்வார். அறியாதவருக்கோ எங்கிருந்து தொடங்குவது என்பதே விளங்காது. ஆகவே ஸுலுஸ் அறிந்ததை நினைவூட்டும். நஸ்க் அறியாததைக் கற்பிக்கும்.

இன்று கணினியில் எழுத்துருக்கள் எளிதிற் கிடைப்பதால், நிகாஹ் அழைப்பிதழ்களிலும் சுவரொட்டிகளிலும் நீண்ட வசனங்களையும் துஆக்களையும் ஸுலுஸில் அச்சிடுகின்றனர். கண்ணியம் கருதியே செய்கின்றனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அழகுக் குறியை ஹரகத்தென எண்ணி ஒருவர் ஓதினால் சொல் பிழைபடும். ஒரு ஹரகத் மாறினாலும் பொருள் திரியக்கூடும் என்பதை அரபு இலக்கணம் கற்றோர் அறிவர். ஓத இயலாமல் அதனைக் கடந்து செல்பவருக்கோ அவ்வசனம் வெறும் சித்திரமாகிவிடுகிறது.

பிஸ்மில்லாஹ்வும் கலிமாவும் ஸுலுஸில் ஒளிரட்டும். ஓதுவதற்குரிய வசனம், சிறுவரும் எழுத்துக்கூட்டி ஓதத்தக்க நஸ்கில், தமிழ்ப் பொருளுடன் அமையட்டும். முன்னோர் தலைப்பையும் வசனத்தையும் வேறு வேறு எழுத்தில் வரைந்ததன் பயன் அப்போதுதான் நம்மை வந்தடையும்.