ஆஃபர் லெட்டர் கையில்... அம்மா சாப்பாடு தட்டில்!

கேம்பஸ்ல செலக்ட் ஆயாச்சு. கடைசி பேப்பரும் எழுதியாச்சு. ஆனா, 'எப்ப ஜாயின் பண்ணணும்'னு மெயில் மட்டும் வரலை. ஹாஸ்டலைக் காலி பண்ணிட்டு, பெட்டி படுக்கையோட வீட்டுல உட்கார்ந்திருக்கீங்களா? அப்போ இது உங்களுக்குத்தான்!

முதல் வாரம் நல்லா தூங்குங்க பாஸ். யாரும் எழுப்ப மாட்டாங்க. ரெண்டாவது வாரம்தான் பக்கத்து வீட்டு ஆன்ட்டி, 'இன்னும் வேலைக்குப் போகலையா?'னு ஆரம்பிப்பாங்க. சிரிச்சுட்டே நகர்ந்துடுங்க.

இது வெட்டியா போற நாள் இல்லை. வேலைக்குப் போயிட்டா, சொந்த வீட்டுக்கே நீங்க விருந்தாளி! 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 60 நாளைக்கு முன்னாடிதான். தீபாவளிக்கு நெல்லை எக்ஸ்பிரஸ்ல பெர்த் வேணும்னா, அந்த நாள் காலை 8 மணிக்கே உட்கார்ந்து அடிச்சுப் பிடிக்கணும். அப்படி வந்தாலும், ரெண்டே நாள்ல மறுபடி பையைக் கட்டணும்.

அதனால, இப்பவே அம்மாகிட்ட ரசம் வைக்கக் கத்துக்கங்க. ரூம் எடுத்துத் தங்கும்போது அதுதான் சோறு போடும். சாயங்காலம் அப்பாவோட டீக்கடை வரை நடங்க. அவரோட முதல் சம்பளம் எவ்வளவு, அதுல என்ன வாங்கினார்னு கேட்டுப் பாருங்க. பேசாத மனுஷன்கூட பேச ஆரம்பிச்சிடுவார். நடுவுல ஒருநாள் மார்க் ஷீட், பான் கார்டு எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல அடுக்கி வெச்சிடுங்க.

மெயில் வர்றப்போ வரட்டும். இப்போ, 'சாப்பிட வா'ன்னு உள்ளேயிருந்து குரல் வருது பாருங்க... முதல்ல அதுக்கு பதில் சொல்லுங்க!