புழுக்களைத் தேடிக் கடல் கடந்த தாய்

மரியா சிபில்லா மேரியன் 1647 ஏப்ரல் 2 அன்று ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் பிறந்தார். தந்தை பெயர்பெற்ற செதுக்கோவியர், பதிப்பாளர். மகளுக்கு மூன்று வயதானபோது அவர் இறந்துவிட, மாற்றாந்தந்தை யாகோப் மாரெல் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். 13 வயதில் பட்டுப்புழு வளர்த்துப் பார்க்கத் தொடங்கிய மரியா, ஆயுள் முழுக்கப் புழுக்களையே பின்தொடர்ந்தார்.

1665-இல் ஓவியர் யோகான் கிராஃபை மணந்து, பின்னர் நியூரம்பர்க்கில் குடியேறினார். எண்ணெய் வண்ண ஓவியம் அங்கே ஆண்களின் தொழில். மரியா நீர்வண்ணத்தில் வரைந்தார், வண்ணங்களை விற்றார், துவைத்தாலும் போகாத பூக்களைத் துணியில் தீட்டினார், பெண்களுக்கு ஓவியமும் பூவேலையும் கற்பித்தார். இரண்டு மகள்களை வளர்த்துக்கொண்டே 1679-இல் கம்பளிப்புழுக்கள் பற்றிய முதல் நூலை வெளியிட்டார். பூச்சிகள் சேற்றிலும் அழுகலிலும் தாமாகத் தோன்றுகின்றன என்று பலர் நம்பிய காலம் அது. முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி ஆகிய நான்கையும், புழு தின்னும் செடியோடு சேர்த்து ஒரே படத்தில் அவர் காட்டினார்.

மணவாழ்வு முறிந்தபின், 1691-இல் மகள்களோடு ஆம்ஸ்டர்டாம் வந்தார். தாயும் மகள்களும் சேர்ந்து உழைத்த ஓவியக்கூடமே குடும்பத்துக்குச் சோறு போட்டது. 1699-இல் தம்முடைய 255 ஓவியங்களை விற்றுப் பணம் திரட்டி, 52 வயதில், இளைய மகள் டோரத்தியாவுடன் தென் அமெரிக்காவின் சூரினாமுக்குக் கப்பலேறினார். அரசோ கழகமோ அவரை அனுப்பவில்லை. தொழிலில் ஈட்டியதே பயணச் செலவானது.

சூரினாம் அன்று டச்சுக்காரர்களின் கரும்புத் தோட்ட நாடு. சர்க்கரையைத் தவிர வேறெதையோ தேடுகிறார் என்று தோட்ட முதலாளிகள் அவரைக் கேலி செய்தார்கள். காட்டில் வழி வெட்டியதும் பூச்சி பிடித்துத் தந்ததும் அடிமைகளும் பூர்வகுடி மக்களும். அவர்களின் அறிவை மரியா தம் நூலில் பதிந்தார். நம்மூர்ச் சாலையோரங்களில் பூக்கும் மயில்கொன்றை பற்றிய குறிப்பு நெஞ்சை உலுக்குவது: பிறக்கும் பிள்ளை அடிமையாகக் கூடாதென்று, அடிமைப் பெண்கள் அதன் விதையைத் தின்று கருவைக் கலைத்தார்கள் என அவர்களே சொல்லக் கேட்டு எழுதினார். அதேவேளை, அடிமை உழைப்பைப் பயன்படுத்தியவர்களில் அவரும் ஒருவர் என்பதை மறைப்பதற்கில்லை.

காய்ச்சல் வாட்டியதால் 1701-இல் திரும்ப நேர்ந்தது. கொண்டுவந்த பாம்புகளையும் பூச்சிகளையும் சேகரிப்பாளர்களுக்கு விற்றார், சந்தாதாரர்களைச் சேர்த்தார், செதுக்கோவியர்களை அமர்த்தினார். 60 படங்களுடன் 'சூரினாம் பூச்சிகளின் உருமாற்றம்' 1705-இல் வெளிவந்தது. முதல் படத்தில் அன்னாசியும் அதை மொய்க்கும் கரப்பான்களும். இன்னொன்றில் கொய்யாக் கிளையில் ஒரு பெருஞ்சிலந்தி ஓசனிச்சிட்டைக் கவ்வியிருக்கிறது. அதே படத்தில் இலைவெட்டி எறும்புகள் உடலால் பாலம் கட்டுகின்றன.

1717 ஜனவரி 13 அன்று மரியா ஆம்ஸ்டர்டாமில் காலமானார். ரஷ்யப் பேரரசர் பீட்டருக்காக அவருடைய ஓவியங்கள் வாங்கப்பட்டன. கம்பளிப்புழு நூலின் மூன்றாம் பகுதியை டோரத்தியா அதே ஆண்டில் வெளியிட்டு, பிறகு செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஓவியராகப் பணியாற்றினார். பிற்காலத்தில் வகைப்பாட்டியல் அறிஞர் லின்னேயஸ் பல உயிரினங்களுக்குப் பெயரிட்டபோது மரியாவின் படங்களையே சான்றாகக் காட்டினார். உயிரை அது வாழும் இடத்தோடும் உண்ணும் இலையோடும் சேர்த்துப் பார்க்கும் சூழலியல் பார்வைக்கு வழிகாட்டியவர்களில் மரியாவுக்கு முன்வரிசை இடம் உண்டு.