பழுதுபார்த்த பின் தோன்றும் பழுது

குறை ஒன்றை நீக்குவதற்காகப் பட்டறைக்கு அனுப்பப்பட்ட மோட்டார் வண்டி, அக்குறை நீங்கப்பெற்றும், முன்பில்லாத வேறொரு குறையோடு திரும்பி வருவதுண்டு. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று உரிமையாளர் நொந்துகொள்வார். வண்டி பழையது, வேறொன்றும் இல்லை என்று மெக்கானிக் விடையிறுப்பார். இவ்விரு கூற்றுகளுக்கும் இடையே உண்மை எங்குள்ளது என்பதை ஆராய்வது வண்டி வைத்திருப்போருக்கு மட்டுமன்றி, ஜீப்பையும் பம்புசெட்டையும் நம்பிப் பணியாற்றும் களப்பணியாளருக்கும், ஆய்வுக்கூடக் கருவிகளைப் பேணும் ஆசிரியருக்கும் பயன் தருவதாகும்.

நெருளில் ஓர் எடுத்துக்காட்டு

தானே கழிமுகத்துக்குக் கிழக்கே அமைந்துள்ள நெருள், 1970ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சிட்கோ அமைப்பு உருவாக்கிய நவி மும்பை நகரின் ஒரு பகுதியாகும். இங்கிருந்து வாசிப் பாலத்தைக் கடந்து செம்பூருக்குச் செல்லும் கார் ஒன்று, போக்குவரத்து நெரிசலில் எஞ்சின் மிகையாகச் சூடேறி நின்றுவிட்டதாகக் கொள்வோம். பட்டறையில் ஹெட் கேஸ்கட் மாற்றப்படுகிறது. வண்டி திரும்பி வந்தபின் சூடேறுதல் இல்லை. ஆயின், சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் நடுங்குகிறது. முகப்பில் மஞ்சள் விளக்கு எரிகிறது. வண்டி வேகம் எடுத்ததும் நடுக்கம் மறைந்துவிடுகிறது.

இதன் காரணம் பெரும்பாலும் எளியது. ஹெட் கேஸ்கட்டை அடைய வேண்டுமாயின், நல்ல நிலையிலுள்ள பல உறுப்புகளைக் கழற்றியாக வேண்டும். காற்றுக் குழாய்கள், ரப்பர் ஹோஸ்கள், மின்கம்பி இணைப்புகள், டைமிங் பெல்ட்டு ஆகிய யாவும் இடம் பெயர்கின்றன. பல்லாண்டு வெப்பத்தில் இறுகிப்போன ரப்பர் ஹோஸ் ஒன்று, கழற்றும்போது வெடித்துவிடலாம். அல்லது மீண்டும் மாட்டப்படாமலே விடுபடலாம்.

எஞ்சின் மெதுவாக ஓடுங்கால் காற்று செல்லும் வழி ஏறத்தாழ மூடியிருக்கும். பிஸ்டன்கள் உறிஞ்சுவதால் அவ்வழிக்கு அப்பாலுள்ள குழாயில் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட மிகவும் குறைந்திருக்கும். எனவே வெடிப்பின் வழியே வெளிக்காற்று உள்ளே பாய்கிறது. காற்றை அளக்கும் கருவி இதனை அளப்பதில்லை. அளந்த காற்றுக்குரிய பெட்ரோல் மட்டுமே செலுத்தப்படுகிறது. ஆதலின் கலவையில் பெட்ரோலின் அளவு குறைந்து, எரிதல் சீராக நிகழ்வதில்லை. வேகம் கூட்டும்போது காற்றுவழி திறக்கிறது. குழாயின் அழுத்தம் வெளிக்காற்றை நெருங்குகிறது. கசிந்து நுழையும் காற்று குறைவதோடு, மொத்தக் காற்றில் அதன் பங்கும் மிகச் சிறிதாகிவிடுகிறது. நின்றால் நடுக்கம், ஓடினால் நலம் என்னும் அடையாளம் இவ்வாறு எழுகிறது. அழுத்த வேறுபாடு பற்றிய பாடத்துக்கு ஆசிரியர்கள் இதனினும் நல்ல எடுத்துக்காட்டைத் தேட வேண்டியதில்லை.

வேறு சில காரணங்களும் உள. சிலிண்டர் தலையைப் பிணைக்கும் போல்ட்டு ஒருவகைச் சுருள்வில்லுக்கு ஒப்பானது. குறித்த அளவு இழுபட்டிருந்தால்தான் அது கேஸ்கட்டைச் சமமாக அழுத்தும். நடுவிலிருந்து தொடங்கி வெளிப்புறமாக, படிப்படியாக, முறுக்கு அளவைக் காட்டும் ஸ்பானரால் இறுக்க வேண்டும். கை மதிப்பில் இறுக்கினால் தலை கோணலாகும். சில எஞ்சின்களில் இப்போல்ட்டுகள் ஒரு முறைக்கே உரியவை. பழையதை மீண்டும் பூட்டலாகாது. டைமிங் பெல்ட்டு ஒரு பல் தவறினாலும் வால்வுகள் காலம் தப்பித் திறக்கும். கூலண்ட் நிரப்பும்போது உள்ளே காற்றுக்குமிழ் தங்கிவிட்டால், வெப்பமானி திரவத்தைத் தொடாமல் பொய்யளவு காட்டுதலும் கூடும். கழிமுகத்தின் உப்புக்காற்றும் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் பருவமழையும், சரியாக மூடப்படாத மின்னிணைப்புகளைப் பச்சை பிடிக்கச் செய்கின்றன.

வாடிங்டன் கண்டது

தொட்டதால் கெடுதல் என்னும் இந்நிகழ்ச்சியை முதன்முதலாக எண்களால் ஆராய்ந்தவர்களுள் ஒருவர், ஓர் உயிரியல் அறிஞர். 1905ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்த கான்ராட் ஹால் வாடிங்டன், தம் குழந்தைப் பருவத்தில் சில ஆண்டுகளை வயநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கழித்தவர். அவருடைய தந்தையார் அங்குப் பணியாற்றினார். இரண்டாம் உலகப் போரின்போது வாடிங்டன் பிரிட்டிஷ் விமானப் படையின் கடலோரப் பிரிவில் ஆய்வுப் பணியில் சேர்ந்தார். அங்கு விமானங்கள் ஒவ்வொரு 50 மணி நேரப் பறப்புக்குப் பின்னரும் சோதனைக்கு உட்படுத்தப்பட்டன. பழுதுகள் நேர்ந்த காலத்தைக் குறித்துப் பார்த்தபோது வியத்தகு செய்தி வெளிப்பட்டது. சோதனைக்கு முன்னர் அன்று, சோதனை முடிந்த உடனேயே பழுதுகள் மிகுந்திருந்தன. பறக்கப் பறக்க அவை குறைந்தன. நல்ல நிலையிலிருந்த உறுப்புகளைச் சோதனையே குலைத்தது என்பதே முடிவு. இவ்வாய்வைப் பற்றிய அவரது நூல் 1973இல் வெளிவந்தது.

அமெரிக்காவின் யுனைட்டெட் விமான நிறுவனத்தைச் சார்ந்த நவ்லான், ஹீப் என்பார் 1978இல் வெளியிட்ட அறிக்கையும் இதற்குத் துணை நிற்கிறது. அவர்கள் ஆராய்ந்த விமான உறுப்புகளுள் 68 விழுக்காடு, பொருத்திய தொடக்கத்திலேயே மிகுதியாகப் பழுதுற்று, அதன்பின் ஒரே நிலையில் இருந்தன. வயது முதிர்வால் பழுது கூடும் தன்மை 11 விழுக்காட்டில் மட்டுமே காணப்பட்டது. வண்டி பழையது என்னும் ஒரே விடை எப்போதும் போதாது என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன. எனினும் பராமரிப்பே வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. எண்ணெய், பிரேக், பெல்ட்டு போன்ற தேய்வுப் பொருள்களை உரிய காலத்தில் மாற்றியே தீர வேண்டும்.

சிறு வளையம், பெரும் இடர்

1983ஆம் ஆண்டு மே 5ஆம் நாள், ஈஸ்டர்ன் நிறுவனத்தின் மூன்று எஞ்சின் விமானம் ஒன்று 172 பேருடன் மயாமியிலிருந்து நாசோ நகருக்குப் புறப்பட்டது. எண்ணெயில் உலோகத் துகள் உண்டா என்று காட்டும் சிறு கருவிகள், முந்திய இரவில் மூன்று எஞ்சின்களிலும் புதிதாக மாற்றப்பட்டிருந்தன. கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள் அவற்றில் இல்லை. வழக்கமாக வளையத்தோடு ஆயத்தமாகக் கிடைக்கும் பொருள், அன்று கிடங்கிலிருந்து வளையமின்றி வந்திருந்தது. அதனை எவரும் கவனிக்கவில்லை. பறக்கும்போது மூன்று எஞ்சின்களிலிருந்தும் எண்ணெய் வடிந்தது. முதலில் ஒரு எஞ்சினை விமானி நிறுத்தினார். மயாமிக்குத் திரும்பும் வழியில் ஏனைய இரண்டும் ஓய்ந்தன. கடலில் இறங்க நேரிடும் என்று பயணிகள் மிதவைச் சட்டை அணிந்தனர். முதலில் நிறுத்திய எஞ்சினை மீண்டும் இயக்கி, அது ஒன்றன் துணையால் விமானம் தரையிறங்கியது. எல்லோரும் உயிர் பிழைத்தனர். ஒரே இரவில், ஒரே பணியை மூன்று எஞ்சின்களுக்கும் செய்ததால் ஒரே பிழை மூன்றிலும் புகுந்தது என்பது கருதத்தக்கது.

செய்யத்தக்கன

பழுதுபார்த்த பின் புதுக்குறை தோன்றினால், முதலில் கேட்க வேண்டிய வினா, எவ்வெவ் உறுப்புகள் தொடப்பட்டன என்பதே. கடைசியாகத் தொட்ட இடத்தை முதலில் பார்க்க வேண்டும். புதிய உறுப்பு வாங்குமுன், கழன்ற ஹோஸ், அழுந்தாத இணைப்பு, தளர்ந்த கிளிப்பு ஆகியவற்றைத் தேடுவது செலவற்றது. மஞ்சள் விளக்கு எரியுமாயின், குறியீட்டை அழிக்குமுன் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்தல் வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றினால் எதனால் குணமாயிற்று என்பது தெரியாது. பாட்டரியைக் கழற்றி மாட்டியிருந்தால், சில வண்டிகளில் சிறிது தூரம் ஓடும்வரை எஞ்சின் ஓட்டம் சீராக இராது. அதனைப் பழுதென்று கருதி மேலும் கழற்றத் தொடங்குதல் கூடாது. எண்ணெய் அழுத்த விளக்கு எரிந்தாலோ, வெப்பம் எல்லை கடந்தாலோ, உடனே எஞ்சினை நிறுத்திவிட வேண்டும்.

வண்டியை ஒப்படைக்கும்போதே குறைகளையும் கிலோமீட்டர் அளவையும் எழுத்தில் பதிவு செய்து, பழைய உறுப்புகளைக் கேட்டுப் பெறுதல் நன்று. பேசித் தீராதவிடத்து, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சேவைக் குறைபாட்டுக்கு வழி வகுத்துள்ளது. இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பணிமனையில் உள்ளவருக்கும் இதில் பாடம் உண்டு. கழற்றிய ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்வதும், பூட்டிய பின் வேறொருவர் அதனைச் சரிபார்ப்பதும், போதிய நேரம் எஞ்சினை ஓட்டிக் கசிவு உண்டா என்று நோக்குவதும் திறமைக் குறைவின் அடையாளம் அல்ல. மயாமியில் அவ்விரவு எஞ்சின்களைச் சுழற்றிப் பார்த்தது சில வினாடிகளே. இன்னும் சிறிது நேரம் சுழற்றியிருந்தால் கசிவு தரையிலேயே கண்ணில் பட்டிருக்கும்.